பிரிண்டருக்குப் பிடிச்ச ஏழரை

சிம்மக்கல்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு கோனார் கடை கறிதோசை ஞாபகம் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்களுக்கு மாவட்ட மைய நூலகம் ஞாபகம் வரும். எனக்கு டோனர் பொடிதான் ஞாபகம் வரும். என் ராசி அப்படி.

பொழப்புக்கு நான் கணக்கு எழுதுறவன். சிம்மக்கல்லுல ஒரு பழைய கட்டடத்து மாடியில எங்க ஆபீஸ். கீழே ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸ். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ்ல குப்பை கொட்டியிருக்கேன். அது டீக்கடை பேச்சுல வெளிய தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்தக் கட்டடத்துல எந்த பிரிண்டர் முக்கினாலும் முனகினாலும் மாடிக்கு ஆள் வந்துரும். நம்ம ஆணியைப் புடுங்கவே நேரம் பத்தாது, இதுல அடுத்தவங்க ஆணி வேற :-)

லேசர் பிரிண்டர் ரிப்பேர்ல என்னய்யா கதை இருக்குன்னு கேப்பீங்க. எனக்கும் அப்படித்தான் தோணும். ஆனா போன வருஷம் ஆவணி மாசம் கீழ் ஆபீஸ்ல நடந்ததை எழுதி வச்சாத்தான் மனசு ஆறும். ஆபீஸ்ல லேசர் பிரிண்டர் வச்சிருக்கறவங்க யாருக்காச்சும் உதவவும் செய்யும். எந்தக் கம்பெனி மிஷின்னு கேக்காதீங்க. சின்ன சைஸ் கருப்பு வெள்ளை லேசர் எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒரே குடல்தான்.

முதல்ல பத்திர ஆபீஸ் பிரிண்டருக்கும் நம்ம வீட்டு பிரிண்டருக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிடறேன். நம்ம பிரிண்டர் ஒரு தாளைக் கடிச்சுத் துப்பினா போறது அம்பது காசு. அங்க உள்ள போறது முத்திரைத்தாள். தமிழ்நாட்டுல கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். அஞ்சு லட்ச ரூபாய் மனைன்னா 35,000 ரூபாய். முழுசையும் தாளா வாங்கணும்னு கட்டாயமில்ல, ஆன்லைன்ல கட்ட வழி இருக்கு. ஆனாலும் தாள் வாங்கி எழுதற பழக்கம் போகல. மேல் பாதியில முத்திரை, கீழ்ப் பாதியில எழுத்து. அந்தத் தாள் உள்ள சிக்கிக் கிழிஞ்சா, கெட்டுப்போன முத்திரைத்தாளுக்குப் பணம் திரும்ப வாங்க 1899ஆம் வருஷத்து முத்திரைச் சட்டத்துல வழி இருக்குதான். ஆனா நாளைக்குக் காலைல டோக்கன் போட்டுட்டு உக்காந்திருக்கற ஆளுக்கு அந்தச் சட்டம் ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்யும்?

தாள் கிழியறதை விட மோசம் ஒண்ணு இருக்கு. எழுத்து தப்பா விழறது. பதிவு ஆகறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டா திருத்திக் கையெழுத்துப் போட்டுக்கலாம். பதிவான பிறகு தெரிஞ்சா பிழைத்திருத்தல் பத்திரம்னு தனியா ஒண்ணு எழுதணும். வித்தவரைத் திரும்பக் கூட்டியாரணும். அவரு அதுக்குள்ள ஊரை விட்டுப் போயிருப்பாரு, இல்லாட்டி மனசு மாறியிருப்பாரு, இல்லாட்டி ஆளே இருக்க மாட்டாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஆடி மாசம் பத்திர ஆபீஸ் ஈ ஓட்டும். ஆவணி பொறந்து முதல் முகூர்த்தம் வந்தா கூட்டம் அள்ளும். முகூர்த்த நாள்ல பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்குதுன்னா பாத்துக்கங்க. அப்படி ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ஒரு மனை கிரையம். முத்திரைத்தாள் வாங்கி பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு. வெள்ளைத் தாள்ல நகல் எடுத்து வாங்கறவர் கையில கொடுத்திருக்காங்க. மனுஷன் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு வரி வரியாப் படிச்சவர் சொத்து விவரத்துக்கு வந்ததும் எந்திரிச்சுட்டாரு.

"என்னய்யா இது, 24.50 சதுரடின்னு போட்டிருக்கு? 24 சதுரடியில கக்கூஸ் கூட கட்ட முடியாதுய்யா!"

இருக்க வேண்டியது 2450. நடுவுல அடிக்கோட்டை ஒட்டி கச்சிதமா ஒரு புள்ளி.

எழுத்தர் அண்ணன் டைப் பண்ற அக்கா பக்கம் திரும்பினாரு. அந்த அக்காவைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். தமிழ் டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ் பண்ணினவங்க. டைப்ரைட்டர் காலத்துலேர்ந்து அதே நாற்காலி. அண்ணன் மூலப் பத்திரத்தை வாய்விட்டுப் படிக்க, அக்கா ஸ்க்ரீன்ல விரல் வச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க. சர்வே நம்பரையும் விஸ்தீரணத்தையும் எண்ணிலயும் எழுத்திலயும் ரெண்டு தடவை சொல்லிப் பாக்காம பிரிண்ட் கொடுக்க மாட்டாங்க.

"ஏம்மா, 2450க்கு நடுவுல எதுக்குப் புள்ளி வச்ச?"

"நான் வைக்கல சார்."

"நீ வைக்காம பின்ன பிரிண்டரா வச்சுச்சு?"

அக்கா ஃபைலைத் திறந்து காட்டுனாங்க. ஸ்க்ரீன்ல புள்ளி இல்ல. அண்ணன் அதுக்கு, "இப்ப எடுத்துட்டுக் காட்டுறியாக்கும்"னு சொல்லிட்டாரு. வாங்க வந்தவர் முன்னாடி, அவரு சம்சாரம் முன்னாடி, சாட்சிக்கு வந்த ரெண்டு பேரு முன்னாடி. அக்கா ஒண்ணும் பேசல. எழுந்து படியேறி எங்க ஆபீஸுக்கு வந்துட்டாங்க. "தம்பி, கொஞ்சம் கீழ வர்றியா? நான் புள்ளி வைக்கலப்பா"ன்னாங்க. அவங்க குரல் சரியில்ல. கையில இருந்த ஜிஎஸ்டி கணக்கை அப்படியே போட்டுட்டு இறங்கிட்டேன்.

கீழ போனா ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிக்கிட்டு இருக்காய்ங்க. சாட்சிக்காரர் ஒருத்தர், "ஃபான்ட்டு கோளாறா இருக்கும்"னாரு. இன்னொருத்தர், "வைரஸுங்க, எங்க மச்சான் கடையில இப்படித்தான்"னாரு. அண்ணன், "கரன்ட் ஏறி இறங்குது"ன்னாரு. டோனர் ரொப்புற தம்பி போன்ல, "பழைய மிஷின்ணே, மாத்திருங்க"ன்னு ஒரே போடாப் போட்டான். எல்லாருக்கும் காரணம் தெரியும். ஒருத்தருக்கும் சோதிச்சுப் பாக்கத் தோணல.

நான் முதல்ல அந்தப் பக்கத்தையே இன்னொரு தடவை பிரிண்ட் கொடுக்கச் சொன்னேன். அதே ஃபைல், எதையும் தொடாம. புதுத் தாள்ல 2450 சுத்தமா வந்துருச்சு. "பாத்தியா, இப்ப சரியா வருது. அப்ப அது டைப்பிங் மிஸ்டேக்கு தான்"னு அண்ணன் ஆரம்பிச்சாரு. ரெண்டு தாளையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிக் காட்டினேன். எழுத்தெல்லாம் எழுத்து மேல கச்சிதமா உக்காந்துச்சு. புள்ளி மட்டும் உக்காரல. ரெண்டாவது தாள்ல அதே நேர்க்கோட்டுல, ஆனா ரெண்டு வரி தள்ளி, ஒரு 'ம' மேல போய் உக்காந்திருந்துச்சு.

எல்லாரும் கத்துக்க வேண்டிய முதல் சோதனை இதுதான். ஃபைல்ல தப்பு இருந்தா எத்தனை தடவை அடிச்சாலும் அதே எடத்துலதான் விழும். தாளுக்குத் தாள் மேலயும் கீழயும் நகர்ந்தா அது மிஷின் வேலை. பத்து பைசா செலவில்லாத சோதனை. அக்கா அந்த ரெண்டு தாளையும் வாங்கி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அடுத்தது வெத்துப் பக்கம். ஒரு எழுத்தும் இல்லாத காலி ஃபைலை பிரிண்ட் கொடுக்கணும். எழுத்துக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கற புள்ளி, வெள்ளைத் தாள்ல தப்பிக்க முடியாது. வந்தது. இடது ஓரத்துலேர்ந்து ஒரே தூரத்துல, மேலேர்ந்து கீழ வரைக்கும் வரிசையா நாலு புள்ளி. சீரா நூல் பிடிச்ச மாதிரி. அக்காகிட்ட ஸ்கேல் கேட்டேன். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் ஏழரை சென்டிமீட்டர். அடுத்ததுக்கும் ஏழரை. அதுக்கடுத்ததும் ஏழரை.

"பிரிண்டருக்கு ஏழரை புடிச்சிருக்கு தம்பி"ன்னாங்க அக்கா. அன்னிக்கு முதல் தடவையா சிரிச்சாங்க.

இங்க கொஞ்சம் கணக்கு. தாள்ல ஒரு குறை சம இடைவெளியில திரும்பத் திரும்ப வருதுன்னா, உள்ள உருண்டையா ஏதோ ஒண்ணு சுத்துது, அதுல ஒரு எடத்துல அடிபட்டிருக்குன்னு அர்த்தம். அந்த உருளை ஒரு சுத்து முடிக்கறப்பல்லாம் ஒரு புள்ளி. அப்ப இடைவெளிதான் சுற்றளவு. ஏழரையை 3.14ஆல வகுத்தா 2.4 சென்டிமீட்டர் விட்டம். உள்ள நிறைய உருளை இருக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸு. அந்த மாடல்ல 24 மில்லிமீட்டர் விட்டம் இருக்கறது டிரம். அதை உரசிக்கிட்டே சுத்துற சார்ஜ் ரோலர் அதுல பாதி, அதுல குறைன்னா 3.8 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை வந்திருக்கும். ஆக பிரிண்டரைக் கழட்டாமலேயே ஸ்கேலை வச்சு எந்தப் பாகம்னு சொல்லிடலாம். மிஷின் கம்பெனிகளோட சர்வீஸ் புத்தகத்துல இதுக்குன்னே ஒரு அட்டவணை இருக்கும். மாடலுக்கு மாடல் அளவு மாறும், ஆனா முறை ஒண்ணுதான்.

டிரம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். கொசுவத்தியைச் சுத்தி 1938க்குப் போங்க. நியூயார்க்ல செஸ்டர் கார்ல்சன்னு ஒருத்தர். ஒரு கம்பெனியோட காப்புரிமைப் பிரிவுல வேலை. அதாவது அவரும் நம்ம எழுத்தர் அண்ணன் மாதிரி பத்திரமும் நகலுமா கிடந்தவர்தான். நகல் எடுத்து எடுத்து நொந்து போய், மை இல்லாம நகல் எடுக்க வழி தேடினாரு. அந்த வருஷம் அக்டோபர் 22ஆம் தேதி, அஸ்டோரியாங்கற எடத்துல, அவரும் உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசுன ஒரு துத்தநாகத் தகட்டை கைக்குட்டையால தேய்ச்சு மின்சாரம் ஏத்தினாங்க. ஒரு கண்ணாடிச் சில்லுல தேதியையும் எடத்தையும் எழுதி, தகட்டு மேல வச்சு, விளக்கு வெளிச்சம் காட்டினாங்க. வெளிச்சம் பட்ட எடத்துல மின்சாரம் போயிருச்சு. மேல பொடியைத் தூவி ஊதினா எழுத்து மட்டும் நின்னுச்சு. அதுல மெழுகுத் தாளை வச்சு ஒத்தி எடுத்து, சூடு காட்டி ஒட்ட வச்சாங்க. அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் லேசர் பிரிண்டர் செய்யறது அதே வேலை.

தகட்டுக்குப் பதிலா டிரம். கைக்குட்டைக்குப் பதிலா சார்ஜ் ரோலர். விளக்குக்குப் பதிலா லேசர். இந்த லேசர் யோசனை ஜெராக்ஸ்ல வேலை பாத்த கேரி ஸ்டார்க்வெதரோடது. 1977ல ஜெராக்ஸ் 9700னு அது விற்பனைக்கு வந்துச்சு. மேசை மேல வைக்கற சைஸுக்குக் கொண்டு வந்து பரவலாக்கினது 1984ல வந்த எச்பி லேசர்ஜெட். பொடிக்குப் பேரு டோனர். அது மை இல்ல, பிளாஸ்டிக் தூள். தாள்ல ஊறாது, மேல உக்காரும். கடைசியில ஃப்யூசர்ங்கற சூட்டு உருளை அதை உருக்கி அழுத்தி ஒட்ட வைக்கும். தாள் வெளிய வர்றப்ப சுடுதே, அது அந்தச் சூடுதான்.

டிரம்முக்கு மேல இருக்கற பூச்சு நம்ம தலைமுடியை விட மெல்லிசு. அதுல ஊசி முனையளவு ஓட்டை விழுந்தா போதும். அந்த எடத்துல மின்சாரம் நிக்காது. லேசர் தொட்ட எடம் போலன்னு நினைச்சு டோனர் அங்க போய் ஒட்டிக்கும். ஒரு சுத்துக்கு ஒரு கருப்புப் புள்ளி.

கணக்கு சொல்லிட்டா போதுமா, நிரூபிக்கணும்ல. பாதி வழியில நிறுத்துற சோதனை ஒண்ணு இருக்கு. சர்வீஸ்ல இருக்கறப்ப கத்துக்கிட்டது. பிரிண்ட் கொடுத்து, தாள் பாதி உள்ள போனதும் மூடியைத் திறந்துடணும். மிஷின் அப்படியே நின்னுரும். சுவிட்சை அணைச்சுட்டு கார்ட்ரிட்ஜை வெளிய எடுத்து தாளை மெதுவா உருவணும். ஃப்யூசர் பக்கம் விரலை விட்டா தோல் உரியும், பாத்துக்கங்க. தாள்ல ஃப்யூசருக்குள்ள போகாத பகுதியில எழுத்து பொடியாவே கிடக்கும், தொட்டா ஈஷிக்கும். அந்தப் பொடியிலயே குறை இருந்தா ஃப்யூசர் நிரபராதி. பொடியில நல்லா இருந்து, வெளிய வர்றப்ப கெட்டிருந்தா ஃப்யூசர்தான் குற்றவாளி. தாள்ல ஒண்ணுமே இல்லாம டிரம் மேல எழுத்து இருந்தா, டிரம்லேர்ந்து தாளுக்கு மாத்தி விடற எடத்துல கோளாறு. இப்படி வழியைப் பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா ரெண்டு மூணு தடவையில ஆள் மாட்டிக்குவான். எங்க கேஸ்ல பொடியிலேயே புள்ளி இருந்துச்சு.

கடைசி சாட்சி, கார்ட்ரிட்ஜ். எங்க ஆபீஸ்லயும் அதே மாடல்தான். எங்க கார்ட்ரிட்ஜைக் கொண்டாந்து கீழ் மிஷின்ல போட்டேன். வெத்துப் பக்கம் வெள்ளையா வந்துச்சு. நிறைய பேரு இதோட நிறுத்திருவாய்ங்க. நிறுத்தக் கூடாது. அவங்க கார்ட்ரிட்ஜை எங்க மிஷின்ல போட்டுப் பாக்கணும். போட்டேன். எங்க மிஷின்லயும் நாலு புள்ளி, ஏழரை சென்டிமீட்டர். ரெண்டு பக்கமும் மாத்திப் பாத்தாத்தான் குறை எதோட கூடப் போகுதுன்னு சந்தேகமில்லாம தெரியும்.

டிரம் மூடியை லேசாத் தள்ளி கையால சுத்திப் பாத்தோம். வெளிச்சத்துல ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, விரலும் படக் கூடாது. அரைக் கடுகு சைஸுல ஒரு குழி. எதனாலன்னு அக்காவே கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரு பக்கம் அடிச்ச பழைய நகல் தாளைத் திருப்பிப் போட்டு ட்ராஃப்ட் எடுக்கறது அந்த ஆபீஸ் வழக்கம். அதுல எங்கயோ ஒரு ஸ்டேப்ளர் பின் கழட்டப்படாம உள்ள போயிருக்கணும். காகிதத்தை மிச்சம் பிடிச்சது சரிதான், பின்னைத்தான் எண்ணல.

அதோட முடிஞ்சுதான்னு பாத்தா, இல்ல. எங்க கார்ட்ரிட்ஜோட பத்திரத்தை அடிச்சுரலாம்னு அண்ணன் முத்திரைத்தாளை எடுத்தாரு. நான் தடுத்து, அதே கனத்துல அங்க கிடந்த லெட்ஜர் தாள்ல முதல்ல ஒண்ணு அடிக்கச் சொன்னேன். பாக்க அழகா வந்துச்சு. ஒரு நிமிஷம் ஆற விட்டு கட்டை விரலால தேய்ச்சேன். எழுத்து கையோட வந்துருச்சு. கனமான தாளுக்கு ஃப்யூசர் சூடு பத்தல. டிரைவர்ல தாள் வகைங்கற எடத்துல சாதாரணத் தாள்னே கிடந்துச்சு. அதைக் கனத்த தாள்னு மாத்தினா மிஷின் சூட்டைக் கூட்டும், இல்லாட்டி தாளை மெதுவா விடும். மாத்தி அடிச்சு, தேய்ச்சு, மடிச்சுத் தேய்ச்சு, நகத்தால சுரண்டிப் பாத்தோம். அசையல. அப்புறம்தான் முத்திரைத்தாளை உள்ள விட்டோம். அது வெளிய வர்ற வரைக்கும் ஆபீஸ்ல ஒருத்தரும் மூச்சு விடல :-)

மணி எட்டே முக்கால். வாங்க வந்தவர் மறுபடி முதல்லேர்ந்து வரி வரியாப் படிச்சாரு. இந்தத் தடவை அவருக்குப் பக்கத்துல நின்னு அக்கா ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னாங்க. மறுநாள் பதிவு முடிஞ்சுருச்சு.

எனக்கு மண்டையில ஓடிக்கிட்டே இருந்தது வேற. அந்தப் புள்ளி 'ம' மேல மட்டும் விழுந்திருந்தா? தமிழுக்குப் புள்ளிதான் உசிரு. ஒரு பேருல 'கமலா'ங்கறதுல ம மேல புள்ளி விழுந்தா 'கம்லா'. ஆதார்ல ஒரு பேரு, பத்திரத்துல ஒரு பேரு. அந்தக் காலத்துல ஓலைச்சுவடியில புள்ளியே வைக்க மாட்டாங்க, எழுத்தாணி அழுத்தினா ஓலை கிழிஞ்சுரும்னு. படிக்கிறவரே எடம் பாத்துப் புள்ளியைச் சேத்துக்கணும். எங்க ஆபீஸ்லேர்ந்து நடக்கற தூரத்துல, 1901ல பாண்டித்துரைத் தேவர் ஆரம்பிச்ச தமிழ்ச் சங்கம் இருக்கு. சுவடியைப் பாத்து அச்சுக்குக் கொண்டு வந்த புலவர்களெல்லாம் இல்லாத புள்ளியைத் தேடித் தேடிக் கண்ணு நொந்தவங்க. நாங்க அதே வட்டாரத்துல உக்காந்து இருக்கற புள்ளியை எதுக்கு வந்துச்சுன்னு தேடிக்கிட்டு இருக்கோம்.

மிஷின் எண்ணை மாத்தும்னா நம்ம ஊர்ல மட்டும் இல்ல, எங்கயும் நம்ப மாட்டாங்க. 2013ல ஜெர்மனியில டேவிட் க்ரீசல்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மிஷின்ல ஸ்கேன் பண்ணினாரு. மூணு அறைக்கு மூணு வேற வேற பரப்பளவு இருந்தது. ஸ்கேன் ஆகி வந்ததுல மூணுமே 14.13 சதுர மீட்டர்னு இருந்துச்சு. படத்தைச் சுருக்கறதுக்காக மிஷின் ஒரே மாதிரி தெரியற எழுத்துக்களை ஒண்ணுக்குப் பதில் ஒண்ணு வச்சிருக்கு. 6 எடத்துல 8 வந்த கதையும் உண்டு. அவர் வெளிய சொன்ன பிறகு கம்பெனி சாஃப்ட்வேரைத் திருத்திக் கொடுத்துச்சு. அது ஸ்கேனர் கோளாறு, நம்மது டிரம் கோளாறு, வேற வேறதான். ஆனா ரெண்டுலயும் தாள்ல இருக்கற எண் தெளிவா, அழகா, தப்பா இருந்துச்சு. அழகா இருக்கற தப்பை எல்லாரும் டைப் பண்ணினவங்க தலையிலதான் கட்டுவாங்க. மிஷின் வாய் திறந்து நான்தான்னு சொல்லாது, சம்பளம் வாங்கறவங்க எதுத்துப் பேச முடியாது. அதனாலதான் ஒரு ஸ்கேலும் ரெண்டு தாளும் அந்த ஆபீஸ்ல இவ்வளவு பெரிய விஷயமாச்சு.

உங்க ஆபீஸ் பிரிண்டருக்கு ஆகட்டும்னு சிலதைச் சுருக்கமா எழுதி வைக்கறேன்.

1. முதல்ல மிஷினோட சொந்த டெஸ்ட் பக்கத்தை எடுங்க. பட்டன் இருக்கற மிஷின்ல பட்டனை அழுத்திப் பிடிச்சா வரும், முறை மாடலுக்கு மாடல் மாறும். அது நல்லா வந்து, கம்ப்யூட்டர்லேர்ந்து கொடுக்கறது மட்டும் கெட்டு வந்தா டிரைவரையும் கேபிளையும் பாருங்க. ரெண்டும் கெட்டு வந்தா மிஷின்.

2. ஒரே ஃபைலை ரெண்டு தடவை அடிச்சு வெளிச்சத்துல ஒப்பிடுங்க. அப்புறம் வெத்துப் பக்கம். அப்புறம் ஸ்கேல்.

3. மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளைக் கோடுன்னா, டோனர் தீருதா இல்ல லேசர் வர்ற வழியில தூசியான்னு பாருங்க. கார்ட்ரிட்ஜைப் பக்கவாட்டுல மெதுவா ஆட்டிப் போட்டு சரியானா டோனர்தான். கருப்புக் கோடுன்னா டிரம்ல கீறல், இல்லாட்டி டிரம்மைத் துடைக்கிற பிளேடு.

4. பக்கம் முழுக்கக் கருப்புன்னா டிரம்ல சார்ஜ் ஏறல. பக்கம் முழுக்க வெள்ளைன்னா, புது கார்ட்ரிட்ஜோட சீல் டேப்பை உருவினீங்களான்னு முதல்ல பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய நடக்கும்.

5. எழுத்து உதிர்ந்தா தாள் வகை, தாள் ஈரம், ஃப்யூசர் இந்த வரிசையில பாருங்க. மழைக்காலத்துல பிரிச்சு வச்ச கட்டுலேர்ந்து தாள் எடுக்காதீங்க.

6. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ல சொருகாதீங்க. ஃப்யூசர் சூடேறுறப்ப பல நூறு வாட் ஒரே இழுப்பா இழுக்கும். 2012 மின்வெட்டுக் காலத்துல கரன்ட் போனாலும் பிரிண்ட் வரணும்னு சொருகி யூபிஎஸ்ஸைக் காவு கொடுத்த ஆபீஸ் எனக்குத் தெரிஞ்சே நாலு.

7. சிந்தின டோனரைச் சாதாரண வீட்டு வேக்குவமால இழுக்காதீங்க, சுடுதண்ணியாலயும் துடைக்காதீங்க. அது பிளாஸ்டிக், சூட்டுல உருகி ஒட்டிக்கும். பச்சைத் தண்ணி, ஈரத் துணி போதும்.

கீழ் ஆபீஸ்ல டிரம் மட்டும் மாத்தினாங்க. சில நூறு ரூபாய்ல முடிஞ்சுருச்சு. மிஷினை மாத்துன்னு சொன்ன தம்பிதான் வந்து மாத்திட்டுப் போனான். ட்ராஃப்ட் எடுக்கற பழைய தாளை ஒரு பொண்ணு உக்காந்து விரல் தடவிப் பின் பாத்து அடுக்குது.

அண்ணன் அக்காகிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல. அந்தத் தலைமுறைக்கு அது வாயில வராது. ஆனா மறுவாரம் ஒரு பத்திரத்துல சர்வே நம்பர் பக்கத்துல என்னமோ கரும்புள்ளி தெரிஞ்சப்ப, "ஏம்மா"ன்னு ஆரம்பிச்சவரு நிறுத்திட்டு, "அந்த ஸ்கேலை எடும்மா"ன்னாராம். எடுத்து அளந்தா ஒத்தைப் புள்ளி, திரும்பி வரல. உத்துப் பாத்தா எறும்பு.

இப்ப தினம் காலைல மிஷினைப் போட்டதும் அக்கா முதல் தாளை வெத்தா அடிச்சு வெளிச்சத்துல பாக்கறாங்க. பிரிண்டர் மூடி மேல ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கு. 3.8லயும் 7.5லயும் சிவப்புக் கோடு. பக்கத்துல அக்கா கையெழுத்துல "ஏழரை"ன்னு எழுதியிருக்கு.

டிஸ்கி: அளவெல்லாம் அந்த மாடலுக்கானது. உங்க மிஷினுக்கு நீங்கதான் அளக்கணும்.